கொஞ்சம் ஆடத்தாங்க செய்யும்!

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில நண்பர் போன் பண்ணினார். "ஏரோப்ளேன் பாக்கப் போறேனுங்க, கூட வர்றீங்களா?"

பழைய கார் வாங்கப் போறதுக்கே நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போற பரம்பரை நாம. ஏரோப்ளேன்னா சும்மாவா? கிளம்பிட்டேன்.

நண்பர் கோயமுத்தூர்க்காரர். இங்கே அமெரிக்காவில் இருபது வருஷமாக இருக்கிறார். பைலட் லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. ஃபேக்டரியில் செய்த செஸ்னா விலை கட்டுப்படி ஆகாது என்பதால், யாரோ வீட்டில் கட்டிய விமானம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க முடிவு செய்திருந்தார்.

தெரியாதவர்களுக்கு: இந்த ஊரில் ஆட்கள் கராஜில் உட்கார்ந்து விமானம் கட்டுவார்கள். கிட் வாங்கலாம், வெறும் பிளான் மட்டும் வாங்கி தகட்டை நீங்களே வெட்டலாம். பாதிக்கு மேல் வேலையை ஆர்வலர்களே, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்கோ செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். முடித்ததும் அரசாங்க ஆளோ, அரசாங்கம் நியமித்த ஆளோ வந்து பார்ப்பார். காகிதம் சரியா, போல்ட் நட்டெல்லாம் ஒழுங்கா என்று பார்ப்பாரே தவிர, டிசைன் சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார். அது அவர் வேலை இல்லை. அதனால்தான் ஏறும் கதவுக்குப் பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிச்சுட்டு ஏறு ராசான்னு அர்த்தம்.

நான் பைலட் இல்லை. சாஃப்ட்வேர் ஆள். ஆனால் ஏழெட்டு வருஷமாக சனிக்கிழமைகளில் அடுத்தவன் கராஜில் போய் ரிவெட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொழுதுபோக்கு. (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.)

சரி, விமானத்துக்கு வருவோம். இரண்டு பேர் உட்காரலாம், முழுக்க அலுமினியம். பெயிண்ட் என்றால் பெயிண்ட், அப்படி ஒரு பெயிண்ட். முகம் பார்த்துத் தலை சீவலாம். உள்ளே இரண்டு பெரிய ஸ்க்ரீன், ஆட்டோபைலட், தோல் சீட்டு. விற்கிறவர் மூன்றாவது சொந்தக்காரர். கட்டியவர் எப்பவோ விற்றுவிட்டார். நண்பர் ஸ்க்ரீனைப் பார்த்ததும் அங்கேயே விழுந்துட்டார். நான் வழக்கம்போல வெளியே சுற்றி வந்தேன்.

இடது இறக்கை எய்லரானின் பின்விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தேன். 'டக்... டக்'. உள்ளே நண்பரை ஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்தேன். அப்பவும் 'டக்'. குனிந்து பார்த்தால் கீல் முட்டிகளைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் மை ஒழுகினாற்போல கறுப்புக் கோடுகள். அலுமினியம் தேய்ந்து பொடியானால் அப்படித்தான் கறுப்பாக வரும்.

விற்கிறவரிடம் காட்டினேன். மனுஷர் சிரிச்சுக்கிட்டே சொன்ன பதில்தான் இந்தப் பதிவின் தலைப்பு.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். அந்த ஆள் மேல் இல்லை. இதே வாக்கியத்தை நான் எத்தனையோ கராஜில், எத்தனையோ நல்ல மனுஷர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். "எல்லா ப்ளேன்லயும் இருக்கும்", "இது நார்மல்", "அஞ்சு வருஷமா இப்படித்தான் பறக்குது". எவ்வளவு ஆடலாம் என்று கேளுங்கள், ஒருத்தரிடமும் பதில் இருக்காது.

கீல் என்றால் என்ன? நம்ம வீட்டுக் கதவுக்கு இருப்பதுதான். இறக்கையின் பின்பக்கம் எய்லரான், வாலில் எலிவேட்டர், ரட்டர்... இந்தப் பலகைகளை அசைத்துத்தான் விமானத்தைத் திருப்புகிறோம். அவை தொங்குவது கீலில். வீட்டில் கட்டும் விமானங்களில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று பியானோ கீல், அதாவது பழைய டிரங்குப் பெட்டி மூடிக்கு இருப்பது போல நீளமாக, நடுவில் ஒரே கம்பி ஓடும். இன்னொன்று தனித்தனி பிராக்கெட். மூன்று நான்கு இடத்தில் போல்ட்டும் பேரிங்கும்.

பியானோ கீலிலேயே இரண்டு ஜாதி உண்டு. முட்டியும் தகடும் ஒரே வார்ப்பாக அச்சில் பிதுக்கி எடுத்தது ஒன்று. தகட்டை வளைத்து முட்டியாகச் சுருட்டியது இன்னொன்று. பாரம் அதிகமானால் சுருட்டிய முட்டி விரிந்துகொடுக்கும். முதலாவதில் விரிய ஒன்றும் இல்லை. கேட்லாக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டாவது விலை குறைவு. பிளானில் எது போட்டிருக்கோ அதை வாங்குங்கய்யா. "பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு" என்று மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அடை மாவுக்கும் தோசை மாவுக்கும் வித்தியாசம் தெரியாதவனை அடுக்களையில் விடுவோமா?

அப்புறம் அந்தக் கம்பி. நீளமான கீலில் சரியான தடிமனில் கம்பியை நுழைப்பது பெரும்பாடு. பாதி வழியில் சிக்கும், வளையும், கை எரியும். அப்போது யாராவது ஒரு புத்திசாலி வருவார். "ஒரு சைஸ் சின்னக் கம்பி போடு, வெண்ணெய் மாதிரி போகும்". போகும்தான். ஆனா அந்த வெண்ணெய்தான் பிரச்சினையே. முட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒவ்வொரு மணி நேரமும் தட்டித் தட்டி, வட்ட ஓட்டையை முட்டை வடிவமாக்கும். கம்பி ஸ்டீல், முட்டி அலுமினியம். யார் தேய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எய்லரான் வழுக்கிக்கொண்டு அசைவதைப் பார்த்து 'ஆகா எவ்வளவு ஸ்மூத்' என்று மகிழ்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பல்லு ஆடறப்பவும் ஸ்மூத்தாத்தான் ஆடும்.

அன்றைக்குப் பார்த்த விமானத்தில் கதை இன்னும் விசேஷம். கம்பி வெளியே நழுவாமல் இருக்க அதன் நுனியை வளைத்தோ, சேஃப்டி வயர் போட்டோ, முட்டியைக் கவ்வவைத்தோ பூட்டி வைப்பது முறை. இங்கே பாத்ரூம் ஓட்டைக்கு அடைக்கிற சிலிக்கான் பசை ஒரு பொட்டு. அவ்வளவுதான். பத்தாயிரம் டாலர் ஸ்க்ரீன் உள்ளே, பத்து சென்ட் பசை வெளியே.

சட்டப்படி ஃபேக்டரியில் செய்யும் சிறு விமானங்களுக்கு அமெரிக்காவில் பல காலம் ஒரு விதி இருந்தது. சாதாரணமாக விமானத்தின் எந்தப் பாகமும், வரக்கூடிய அதிகபட்ச பாரத்தைப்போல ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும். புஷ்ராடு இணைப்புகளில், பேரிங் இல்லாமல் திரும்புகிற மூட்டுக்கு 3.33 மடங்கு. ஆனால் இந்தக் கீல் இருக்கிறதே, பால் பேரிங்கோ ரோலர் பேரிங்கோ இல்லாத கீல், அதற்கு 6.67 மடங்கு! அதுவும் உரசுகிற இரண்டு பொருளில் எது மெத்தென்று இருக்கோ அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு? கீல் உடைஞ்சிடும் என்ற பயத்தால் மட்டும் இல்லை. உடைவதற்கு ரொம்ப முன்னாலேயே அது தேய்ந்து லூசாகிவிடும். மேற்பரப்பில் விழும் அழுத்தத்தைக் குறைத்தால் தேய்மானம் குறையும். 6.67-ல் உறுதி மட்டுமல்ல, ஆயுளும் இருக்கிறது.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீலுக்குக் குறுக்கே வரும் பாரம் நமக்குப் புரியும், காற்று தள்ளுகிறது. கீலின் நீளவாக்கில்? வேறு கணக்கு இல்லாவிட்டால் நிற்கிற ரட்டருக்கு அதன் எடையைப்போல 24 மடங்கு, படுத்திருக்கும் எலிவேட்டர், எய்லரானுக்கு 12 மடங்கு தாங்கணும் என்று வைத்திருந்தார்கள். மூன்று கிலோ ரட்டர் என்றால் 72 கிலோ. அதாவது ஒரு ஆள் ரட்டர் மேல் ஏறி உட்கார்ந்தாலும் கீல் தாங்க வேண்டும். சிலிக்கான் பொட்டு தாங்குமா?

2017-ல் அந்த விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதியபோது இந்த எண்கள் விதியிலிருந்து போய்விட்டன. போகட்டும். வீட்டில் கட்டும் விமானத்துக்கு அவை என்றைக்குமே கட்டாயம் இல்லை. காற்றுக்கு மட்டும் எந்த விமானத்தின் கதவில் என்ன எழுதியிருக்கு என்று படிக்கத் தெரியாது.

இப்போ முக்கியமான விஷயம். ஆடினால் என்ன ஆகும்? ஃப்ளட்டர். தமிழில் படபடப்பு என்று சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மென்மை இதற்குக் கிடையாது.

எய்லரானின் எடை பெரும்பாலும் கீலுக்குப் பின்னால் இருக்கிறது. இறக்கை ஒரு சின்ன அதிர்வில் மேலே போகிறது. எய்லரான் சோம்பேறி, உடனே கூடப் போகாமல் கீழேயே தங்குகிறது. எய்லரான் கீழே இருந்தால் இறக்கைக்கு இன்னும் தூக்கு விசை. இறக்கை இன்னும் மேலே. அப்புறம் திரும்பிக் கீழே வரும்போது இதே கூத்து தலைகீழாக. ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொண்டு ஆட்டம் பெருகுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிற குறும்புப் பையன் மாதிரி. ஓரிரு விநாடியில் எய்லரான் கழன்று போகலாம், இறக்கையும் போகலாம். இதைத் தடுக்கத்தான் கீலுக்கு முன்னால் ஈயமோ இரும்போ வைத்து பேலன்ஸ் செய்கிறார்கள். 1920-களிலேயே ஹாலந்தில் கண்டுபிடித்த வைத்தியம் இது. புதுசா ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

பேலன்ஸ் இருக்கே, கீல் கொஞ்சம் ஆடினா என்ன? இதான் அடுத்த கேள்வி. ஐயா, அந்த ஆட்டத்துக்குள் எய்லரானைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் அது அனாதை. அதற்குள் தட்டித் தட்டி அது தன் இடத்தைத் தானே பெரிசாக்கிக்கொள்கிறது. புஷ்ராடு முனையில் ஆட்டம் இருந்தால் இன்னும் கொடுமை. கீலிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் புஷ்ராடு பிடிக்கிறது, பின்விளிம்பு முப்பது சென்டிமீட்டரில் என்று வையுங்கள். அங்கே கால் மில்லிமீட்டர், இங்கே ஒன்றேகால் மில்லிமீட்டர்.

இதோடு பளபளப்பு பெயிண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீலுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கோட் பெயிண்டும் பேலன்ஸைக் கெடுக்கும். பெயிண்ட் அடித்தபின் மறுபடி பேலன்ஸ் பார்த்ததாக லாக்புக்கில் எழுதியிருக்கா என்று தேடினேன். பெயிண்ட் கடை பில் இருந்தது. மற்றதைக் காணோம்.

2011 செப்டம்பர் 16. நெவாடாவில் ரீனோ விமானப் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் கால பி-51 மஸ்டாங், பந்தயத்துக்காக எக்கச்சக்கமாக மாற்றியது, 'கேலப்பிங் கோஸ்ட்' என்று பெயர். வீட்டில் கட்டியது இல்லை, ஆனால் அதுவும் எக்ஸ்பெரிமென்டல்தான். எலிவேட்டரில் இருக்கிற சின்ன டிரிம் டேப் ஃப்ளட்டர் ஆகி உடைந்தது. விமானம் 17 ஜி-க்கு மேல் சட்டென்று மேலே திரும்ப, பைலட் நினைவிழக்க, பார்வையாளர்கள் பக்கம் விழுந்தது. பைலட்டோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். விபத்து விசாரணை வாரியம் கண்டுபிடித்த காரணம்: டேப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் லாக்நட்டுக்குள் இருக்கும் பிடிமான வளையங்கள் நைந்துபோய், ஸ்க்ரூக்கள் லூசாகி, ஒரு ஸ்க்ரூவில் முன்னாடியே விரிசல் விழுந்திருந்தது. ஒரு நட்டின் உள்ளே இருக்கிற வளையம் சாமி!

ஸோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். கிட்டாகவும் ரெடிமேடாகவும் வந்த விமானம். அதில் எய்லரானுக்குக் கீலே கிடையாது என்ற டிசைன் இருந்தது. மேல் தகடே வளைந்து கீலாக வேலை செய்யும். நான்கு வருஷத்தில் ஆறு விமானங்கள் வானத்திலேயே உடைந்து பத்துப் பேர் போனார்கள். 2009 ஏப்ரலில் விசாரணை வாரியம் 'இதைப் பறக்க விடாதீர்கள்' என்று அவசரமாகக் கேட்டுக்கொண்டது, ஃப்ளட்டரைச் சந்தேகித்தது. கம்பெனியோ, எய்லரான் கேபிளின் இறுக்கம் சரியாக இருந்தால் ஃப்ளட்டர் வராது என்று சொன்னது. அரசு ஆய்வில் 'இதுதான் ஒரே காரணம்' என்று எதையும் சொல்ல முடியவில்லை. கடைசியில் இறக்கையை வலுப்படுத்தி, எய்லரானுக்கு பேலன்ஸ் எடை வைத்தார்கள். 'பாத்தியா, கீல் இல்லாததுதான் காரணம்' என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை, அது நிரூபணம் ஆகவில்லை. நான் கவனிப்பது வேறு. பறக்கலாமா கூடாதா என்ற சண்டையே கேபிள் எவ்வளவு இறுக்கம் என்ற ஒரு எண்ணில் வந்து நின்றது. எத்தனை பேர் அதை அளந்து எழுதி வைத்திருந்தார்கள்?

நம்ம ஆளுங்களும் எண் எழுத மாட்டேன் என்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இந்த விமானங்களைப் பரிசோதிக்க வேண்டும். கட்டியவருக்கு அதற்கான சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குக் கைமாறாது, அவர் பெரும்பாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் புரட்டிப் பார்த்த கிட் மேனுவல்கள் சிலவற்றில் கீலைப் பற்றி ஒரே வரி: 'அதிகப்படியான ஆட்டம் இருக்கக் கூடாது'. அதிகப்படி என்றால் எவ்வளவு? மெக்கானிக்கின் கட்டை விரலுக்குத் தெரிந்த அளவு. அவர் அன்றைக்குக் காலையில் என்ன மூடில் இருந்தாரோ அந்த அளவு.

எங்க ஊரில் ஒரு டி.வி.எஸ். 50 மெக்கானிக் இருந்தார். முன் சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டுவார். "கோன் செட்டுல ப்ளே இருக்குங்க தம்பி" என்பார். தப்பினதே இல்லை. ஆனால் அது டி.வி.எஸ். 50. தப்பினால் முட்டியில் சிராய்ப்பு. இங்கே தப்பினால் பொறுக்கி எடுக்க வேண்டும்.

என்னைத் திட்டுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "வீட்டில் கட்டின விமானங்கள் விழுவது பெரும்பாலும் இன்ஜின் நின்று, அல்லது பைலட் கட்டுப்பாட்டை இழந்து. ஃப்ளட்டரால விழுந்தது எத்தனை?" உண்மைதான். குறைவுதான். ஆனால் இன்ஜின் நின்றால் சறுக்கிக்கொண்டு வந்து வயலில் இறக்கலாம். எய்லரான் பறந்துபோனால் யாரிடம் போய்ச் சொல்வது? இன்னொரு கட்சி, "விதி கேட்டு விதி கேட்டு இந்தப் பொழுதுபோக்கையே கவர்ன்மென்ட்டிடம் தூக்கிக் கொடுத்துடுவே" என்னும். நான் எந்த விதியும் கேட்கவில்லை அண்ணாச்சி. ஒரு டயல் கேஜ் கேட்கிறேன். இருபது முப்பது டாலர். ஸ்டிக்கைக் கட்டிவை. கேஜை இறக்கையில் பிடிக்கவை, கீலுக்குப் பக்கத்தில் எய்லரானை மேலே தள்ளு, கீழே இழு, முள் எவ்வளவு நகருதுன்னு பாரு. அப்புறம் பின்விளிம்பிலே அதே மாதிரி. லாக்புக்கில் எழுது. போன வருஷம் 0.1, இந்த வருஷம் 0.3 என்றால் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று எட்டாங்கிளாஸ் பையனுக்குக் கூடத் தெரியும். கிட் விற்கிறவர்களும் 'அதிகப்படி' என்ற சொல்லை அழித்துவிட்டு ஒரு எண்ணை அச்சடிக்க வேண்டும். இறக்கையை டிசைன் செய்யத் தெரிந்தவருக்கு இந்த எண்ணைச் சொல்லத் தெரியாதா? தெரியும். சொன்னால் வழக்கு வரும் என்று வக்கீல் சொல்லியிருப்பார்.

பிராக்கெட் கீல் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கு. போல்ட் பேரிங்கின் உள்வளையத்தை இறுக்கிப் பிடிக்கணும். பேரிங் சுற்றணும், போல்ட் சுற்றக் கூடாது. போல்ட்டே சுற்றுகிற இடமாக இருந்தால் நைலான் லாக்நட் மட்டும் போதாது, காசில் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் வேண்டும். பேரிங்குக்குள் போல்ட்டின் மரை வந்து நிற்கக் கூடாது. மரை ஒரு அரம், அறுத்துவிடும். ராட் எண்ட் பேரிங் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் வெளிப்பக்கம் பெரிய வாஷர் போடுங்கள். நடுவில் இருக்கிற குண்டு கழன்றாலும் பலகை கழன்று போகாது. இந்த வாஷரின் விலை ஒரு காப்பிக்குக் கூட வராது. இருந்தும் இது இல்லாத விமானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நண்பர் கதை. ஹேங்கருக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். கம்பியை உருவிப் பார்க்கணும், முட்டி முட்டை வடிவமாகியிருந்தால் இரண்டு பக்கமும் கீலையே மாற்றணும், திரும்ப பேலன்ஸ் பார்க்கணும், அதுவரைக்கும் பணம் கொடுக்காதீங்க. அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு.

"ஏனுங்க, அவரு பதினஞ்சு வருஷமா பறக்கறவரு. நீங்க சாஃப்ட்வேர் ஆளு. உங்களுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதுங்களா?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை, 'அளந்து பாருங்க' என்பதைத் தவிர. விற்கிறவரிடம் கேட்டோம். கம்பியை உருவ அவர் சம்மதிக்கவில்லை. "உருவினா திரும்பப் போடறது கஷ்டம்". சின்னக் கம்பிக்கே கஷ்டமாம்!

நண்பர் வாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் நாற்பது மைல் பேசவும் இல்லை. போன வாரம் போன் பண்ணி, அந்த விமானம் வித்துப்போச்சாம், பக்கத்து ஸ்டேட்டுக்காரர் ஒருத்தர் வந்து அன்றைக்கே பணம் கட்டி ஓட்டிக்கொண்டே போய்விட்டார் என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் 'உங்களாலதான்'.

வாங்கியவரிடம் கீலைப் பற்றிச் சொல்லியிருப்பாரா என்று கேட்டேன். "தெரியலீங்க" என்றார். விற்றவரைக் கூப்பிட்டு வாங்கியவர் நம்பர் கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார். வால் நம்பரை வைத்துப் பதிவேட்டில் முகவரி தேடிக் கடிதம் போடலாம். பெயர் மாறுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும், தினம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை வரை பழைய பெயர்தான் இருக்கிறது.

பி.கு.: டயல் கேஜ் வாங்கப் போகிறவர்கள் காந்த ஸ்டாண்ட் வாங்காதீர்கள். இறக்கை அலுமினியம், ஒட்டாது. நான் வாங்கினேன். :-) கிளாம்ப் வைத்தது கேட்டு வாங்குங்கள், கவ்வும் இடத்தில் ஒரு துண்டு ரப்பரை வையுங்கள்.